ஃபேன் வயரைக் கழற்றி வைத்தவருக்கு

என் அன்பான அனிதா அப்பாவுக்கு,

நீங்கள் போனபிறகு உங்களோடு பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். கல்லறைப் பக்கமும் வரவில்லை. அண்ணிக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை என்று உங்கள் தம்பி பிரான்சிஸ் எல்லோரிடமும் சொல்கிறாராம். அதிர்ச்சி இல்லை. கோபம்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். லஸ் பக்கம் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அனிதா ஒன்பதாவது போகப் போகிறாள். நீங்கள் பாகம் பாகமாக வாங்கி வந்து பொருத்தினீர்களே, அந்தக் கம்ப்யூட்டரை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அழைப்பு, கல்லூரிப் பெண்களின் ஆய்வேடு எல்லாம் டைப் செய்து கொடுக்கிறேன். இந்தக் கோடையில் நம் பங்குக் கோயிலின் விழா மலரையும் ஃபாதர் என்னை நம்பிக் கொடுத்தார்.

மே மாதம் மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறியதும் திரை அப்படியே உறைந்துவிடும். எந்த பட்டனைத் தட்டினாலும் அசையாது. அணைத்துப் போட்டால் வரும், ஆனால் அடித்து வைத்த பக்கம் போயிருக்கும். மறைமாவட்ட ஆயரின் வாழ்த்துரையை எத்தனை முறை அடித்தேன் தெரியுமா? கடைசியில் எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

பிரான்சிஸை வரச் சொன்னேன். கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனியில்தானே இருக்கிறார். வந்தார், ஆன் செய்தார், அது உறைந்து நிற்பதைப் பார்த்தார். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.

“பிராசஸர் போயிடுச்சு அண்ணி. இனிமே இதுல ஒண்ணும் பண்ண முடியாது.”

“போயிடுச்சுன்னா மறுபடி மறுபடி எப்படி ஆன் ஆகுது?”

“அதெல்லாம் டெக்னிக்கல். உங்களுக்குப் புரியாது.” காபியை ஆற்றிக்கொண்டே மேலும் சொன்னார்: “நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இதை வித்துட்டு, வீட்டையும் காலி பண்ணிட்டு, எங்ககூட ஆதம்பாக்கம் வந்துடுங்க. அண்ணன் இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பார்.”

அனிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போனால் அவளுக்குப் பள்ளிக்கூடம் மாறும். எனக்கு? ஒரு கட்டில், வேளாவேளைக்குச் சோறு, வாய் திறக்காமல் இருந்தால் நல்ல பெயர். பிரான்சிஸ் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று அவர் சொன்ன வார்த்தை உங்கள் வார்த்தை. உனக்குப் புரியாது ஸ்டெல்லா, அதுல கை வைக்காதே. டைப் அடிக்க மட்டும் என்னை உட்காரவைத்து, அந்தப் பெட்டிக்குள் எது என்ன வேலை செய்கிறது என்று ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்தீர்களா?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உங்கள் ஸ்குரூடிரைவரை எடுத்தேன். ஃபாதர் மலரைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அது உறைந்ததும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே தூசி. நடுவில் சீப்புப் பல் மாதிரி ஓர் அலுமினியக் கட்டி, அதன் தலையில் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு ஃபேன். கட்டியைத் தொட்டேன். விரல் சுட்டுப் பொத்துப்போனது.

அதற்கு அடியில் இருந்த பிராசஸர் போகவில்லை. கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஃபேனின் வயர் எதிலும் செருகாமல் கிடந்தது. அழகாகச் சுருட்டி, கறுப்பு டேப் ஒட்டி, ஓரமாக ஒதுக்கிவைத்திருந்தது. அப்படிச் சுருட்டுகிற கை எனக்குத் தெரியாதா?

வயரைச் செருகி ஆன் செய்து பார்த்தேன். ஃபேன் கடகடவென்று அலறிவிட்டு நின்றது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சத்தம் தாங்காமல் கழற்றிவிட்டீர்கள். மூடியைத் திறந்தே வைத்து, டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பிவிட்டு ஓட்டினீர்கள். உங்களுக்குப் புழுக்கம் என்று நான் நினைத்திருந்தேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்காக அந்த டேபிள் ஃபேனைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன், தூசி படியக்கூடாதென்று பெட்டியை மூடிவைத்தேன். புது ஃபேன் வாங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

எனக்குத் தெரியும். சனிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பீர்கள். நெஞ்சை அடைக்கிறது என்றபோதும் அதைத்தானே சொன்னீர்கள்? “கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும். சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கலாம்.” வியாழக்கிழமை உங்கள் ஆபீஸ் மாடிப்படியிலிருந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். யார் கஷ்டப்படாமல்?

மறுநாளே பஸ் ஏறி, நீங்கள் கம்ப்யூட்டர் சாமான் வாங்குவீர்களே, அந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாக்கா, வூட்டுக்காரர அனுப்பக் கூடாதா?”

“அவர் செத்துப்போயிட்டார். ஃபேன் இருக்கா இல்லையா?”

மனிதர் உடனே ஃபேனை எடுத்து வைத்தார். கூடவே வெள்ளைப் பசை ஒரு சின்ன பாக்கெட். “கட்டிக்கு அடியில லேசா தடவுக்கா. அப்பதான் சூடு மேல ஏறும்.”

கட்டியைப் பிடித்திருந்த கம்பிக் கொக்கி வர மறுத்தது. ஸ்குரூடிரைவர் வழுக்கி இரண்டு முறை கையைக் கிழித்தது. உங்களைத் திட்டிக்கொண்டே நெம்பினேன். அனிதா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காய்ந்த பசையைத் துடைத்து, புதிதைத் தடவி, ஃபேனை மாட்டி ஆன் செய்தேன். அன்று முழுக்க ஓடியது, உச்சி வெயிலிலும். அனிதா கைதட்டினாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவுதானா என்று.

மலர் அச்சுக்குப் போன பிறகு பிரான்சிஸ் வந்தார். மெஷின் ஓடுவதைப் பார்த்தார்.

“யார் வந்து பார்த்தாங்க அண்ணி?”

“நான்தான்.”

“இல்ல, ரிப்பேர் பண்ணது யாரு?”

“நான்தான் பிரான்சிஸ். ஆதம்பாக்கத்துக்கு விருந்துக்கு வர்றோம். குடியேற வரல.”

பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, தன் கம்பெனியில் யாராவது டைப் வேலை கேட்டால் என்னிடம் அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன்.

ஊருக்கெல்லாம் நீங்கள் நல்ல மனிதர். எனக்கும்தான். அதனால்தான் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் தலைமுழுகிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கல்லறைத் திருநாளன்று வருகிறேன், இது சத்தியம். பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவருவேன். எல்லோரும் ஜெபம் சொல்லிக் கிளம்பிய பிறகு நான் மட்டும் உட்கார்ந்து உங்களோடு நன்றாகச் சண்டை போடப் போகிறேன். ஒரு வருஷத்தில் தீராது. அடுத்த வருஷமும் வருவேன்.

இன்னும் கோபம் தீராத உங்கள் மனைவி,
ஸ்டெல்லா