தயிர்க் கிண்ணத்தை எறிய மாட்டேன்

09.03.2026, திங்கட்கிழமை.

என் இல்லத்தரசிக்கு அன்பும் ஆசியும். நான் நலம்; உன் மூட்டுவலி தணிந்ததா?

காய்ச்சலுக்கு மூன்றாம் தேதி தொடங்கிய கிருமிக்கொல்லி மாத்திரை, குடலில் குடியிருந்த நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே விரட்டிவிட்டது. வயிறு சற்று அடம்பிடித்தது, அவ்வளவுதான். தயிர் உதவக்கூடும் என்றார் மருத்துவர். அறையிலேயே உறை ஊற்றினேன்.

எங்கள் ஆலை விடுதியின் மேற்பார்வையாளர் வந்து, "பெரியவரே, ரூம்ல கிருமி வளக்கிறீங்களா? தூக்கிப் போடுங்க, இல்ல ரூமைக் காலி பண்ணுங்க!" என்றார்.

"உங்க வயித்துலயும் கோடிக்கணக்குல இருக்கு தம்பி. முதல்ல அதுங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க" என்றேன்.

கிண்ணம் அங்கேயேதான் இருக்கிறது. தயிர்தான் உறையவில்லை, கொதிக்கும் பாலில் உறையை ஊற்றி அந்த நுண்ணுயிர்களை நானே கொன்றுவிட்டேன் போலும். நீ விரலால் பார்க்கும் சூடு எவ்வளவு? தொலைபேசியில் சொல், சற்று விரிவாகவே சொல். அறைக்குத் திரும்பும்போது உயிருள்ளதாக அந்தத் தயிராவது காத்திருக்கட்டும்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. கிடங்குச் சாவி என்னிடம்; போய்த் திறக்க வேண்டும். இன்று மாலையும் உறை ஊற்றுவேன். யார் தடுக்கிறார்கள், பார்க்கலாம்.

உன் கணவன்