கவாத்தில் பிழைத்த மணி பிளாண்ட்

மதினி, ஜன்னல் பக்கம் போனால் மணி பிளாண்ட் ஒடித்த பச்சை வாடை இன்னும் லேசாக அடிக்கிறது. ஒடித்தது நான் இல்லை. யார் என்று கடைசியில் சொல்கிறேன். உங்களிடம் எதையும் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

கம்பத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், உங்கள் வாசல் கொடியில் ஒரு துண்டு கேட்டேன். "கேட்டு வாங்குனா வளராதுத்தா. களவாண்டு வச்சாத்தான் தழையும். நான் அடுப்படியில இருக்கேன், நீ பாத்துக்க" என்று உள்ளே போய்விட்டீர்கள். பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகச் சட்டி பானையெல்லாம் போட்டு உருட்டினீர்கள். நான் ஒரு துண்டை ஒடித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு படி இறங்குகிறேன், உள்ளேயிருந்து சத்தம் வருகிறது: "ஏத்தா, கணு ரெண்டு இருக்கான்னு பாத்தியா? கணு இல்லாட்டி வேரு விடாது!" களவு கொடுத்தவரே களவாணிக்கு யோசனை சொன்ன கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்போம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். வாசல் கொடி தண்ணீர் காணாமல் காய்ந்து போனது. மிச்சம் என் வீட்டில் இருப்பது மட்டும்தான். அதுவும் அப்படியே நின்றுவிட்டது. நீளமாக ஒரு மொட்டைக் கொடி, நுனியில் எலிக்காது மாதிரி நாலு இலை. இந்த நேரம் பார்த்து உங்கள் மகள் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். "அத்தை, ராயப்பன்பட்டி மாதா கோயில்ல அம்மாவுக்கு வருச நினைவுப் பூசைக்கு வர்றேன். அம்மா செடி உங்ககிட்ட இருக்குல்ல? எனக்கு ஒரு துண்டு வேணும்." இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்குப் பயம். அவள் வருவதற்குள் இதுவும் போய்விட்டால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது?

முதலில் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். சேறாக இருந்தது. பாசத்தில் தினமும் ஊற்றியிருக்கிறேன், அது மூச்சுவிட முடியாமல் நின்றிருக்கிறது. தண்ணீரைக் குறைத்தேன். இவர் சும்மா இருக்காமல் எங்கள் திராட்சைத் தோட்டத்து உரத்தை ஒரு கை அள்ளிப் போட்டார். இலை ஓரமெல்லாம் கருகிப் போனது. "இது என்ன ரெண்டு ஏக்கர் பந்தலா?" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண்ணைவிட வேர்தான் அதிகம், சுருண்டு சுருண்டு கிடந்தது. பெரிய தொட்டிக்கு மாற்றினேன். டிவிக்கு மேலே இருட்டில் கிடந்ததைக் காலை வெளிச்சம் வரும் ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். நுனி இலைக்குக் கொஞ்சம் நிறம் வந்தது. மொட்டைக் கொடி மட்டும் துளிர்க்கவே இல்லை.

"கவாத்து பண்ணாம எப்படித் துளுக்கும்?" என்றார் இவர்.

அது எனக்குத் தெரியாதா மதினி? ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் பந்தலையே வெறுங்குச்சியாக வெட்டிவிட்டுத்தானே அடுத்த காய்ப்புக்குக் காத்திருக்கிறோம். இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் சாயங்காலக் காப்பிக்கு வரும்போதெல்லாம் நீங்கள் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்த கொடி இது. "அதுல கத்திரி வைக்காதீக. மதினி தொட்ட இலை" என்றேன். இவர், "சரி, உன் இஷ்டம். அந்தப் பிள்ள வந்தா வெறுங்கொடியத்தான் காட்டணும்" என்று கத்திரியை மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெட்டினேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன், மறைப்பானேன். மண்ணிலிருந்து ஒரு சாண் விட்டு, கணுவுக்கு மேலே. வெட்டிய துண்டுகளையும் வீணாக்காமல் அதே தொட்டியில் சுற்றி ஊன்றினேன். கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு கணுவில் பச்சையாக மூக்கு நீட்டியது. அப்புறம் அடுத்தடுத்த கணுவிலும். பூசை நாள் வருவதற்குள் தொட்டி நிறைந்து விளிம்புக்கு வெளியே தொங்கியது.

இன்றைக்குப் பூசை முடிந்து நேராக இங்கே வந்தாள். செடி முன்னால் போய் நின்றாள். "அத்தை, ஒண்ணு ஒடிச்சுக்கவா?" என்றாள்.

"கேட்டு வாங்குனா வளராதும்மா. நான் அடுப்படியில இருக்கேன்" என்று உள்ளே போனேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதையெல்லாம் இழுத்துப் போட்டு உருட்டினேன். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் கொடி ஒடிவது கேட்டது.

"ஏத்தா, கணு ரெண்டு இருக்கான்னு பாத்தியா?" என்று கத்தினேன்.

அங்கிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மூணு இருக்கு அத்தை" என்றாள்.

நான் உடனே வெளியே வரவில்லை மதினி. இன்னும் கொஞ்ச நேரம் சட்டிகளை உருட்டிக்கொண்டே நின்றேன்.