ரீஹாமுக்கு நடக்காத கல்யாணம்

தாந்தா, எகிப்து
புதன்கிழமை

அன்பு மகள் ரீஹாமுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் என் முழங்கால் வலியும் உன் அம்மாவின் வாயும் குறையாமல் இருக்கின்றன, மற்றபடி சுகம். அயர்லாந்து மழையில் உன் நெஞ்சுச் சளி விட்டதா இல்லையா என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இதைப் போனிலேயே பேசலாம்தான். ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றுதான் பேசுவாள், எதிர் பால்கனியில் இனாயத் ஒரே சட்டையை ஒரு மணி நேரம் காயப் போடுவாள். அதனால்தான் கடிதம். நாளை டப்ளினுக்குப் புறப்படும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டபடி ஞாயிற்றுக்கிழமை உன் பேராசிரியர் ஷௌகத்தைப் பார்க்கப் போனேன். அவருடைய சிபாரிசுக் கடிதம், முத்திரை குத்தி ஒட்டிய உறையில், இருபதாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் அங்குள்ள மருத்துவக் கல்லூரி உன் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது என்று நீ அழுதது என் காதிலேயே இருந்தது. அங்கே மூன்று வருஷம் மருந்துக் கடையில் நின்ற காலோடு படித்தவள் அல்லவா. கோட்டுக்கு இஸ்திரி போட்டு, ஒரு டப்பா அல்வாவும் வாங்கிக்கொண்டு போனேன். மனுஷன் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மப்ரூக் என்று வாழ்த்தி, மாப்பிள்ளைக்கு எந்த ஊரு என்று கேட்டார். எந்த மாப்பிள்ளை என்றேன். பொண்ணு டாக்டர் படிப்பு வேணாம், கல்யாணமே போதும்னு முடிவு பண்ணிட்டாளாமே, மனசு கேக்கல, ஆனா எழுதி வச்சிருந்த கடிதத்தைக் கிழிச்சிட்டேன் என்றார்.

எல்லாம் உன் அம்மாவின் வேலை. நீ விண்ணப்பம் போட்டது தெரிந்தால் ஊர்க்கண் பட்டுவிடும் என்று, இனாயத் கேட்டபோது, அதெல்லாம் விட்டுட்டாக்கா, அங்கயே ஒரு பல் டாக்டரோட நிச்சயமாயிடுச்சு என்று சொல்லியிருக்கிறாள். பல் டாக்டர் என்றால் அதற்கும் பொறாமை வருமே என்று அவனுக்கு ஒரு வழுக்கைத் தலையும் வைத்திருக்கிறாள். இனாயத்தின் கொழுந்தன் நீ படித்த கல்லூரி ஆபீசில் டீ போடுகிறவன். பத்தே நாளில் வழுக்கை மாப்பிள்ளை பேராசிரியர் மேஜைக்கு வந்துவிட்டான்.

வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நம்ம வீட்லயும் இதே கததான் சார், பையன் போன வருஷமே பாஸ் பண்ணிட்டான், என் வீட்டுக்காரி கேக்குறவங்ககிட்ட எல்லாம் ஃபெயில்னு சொல்லிட்டிருக்கா என்றார். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். ஒரு வரியை எனக்குப் படித்தும் காட்டினார். மருந்தைக் கொடுத்ததோடு நிற்காமல், சாப்பிட்டீர்களா என்று நோயாளியைக் கேட்கும் மாணவி என்று எழுதியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கண் படாமல் இருக்க உறைக்குள் ஒரு நீலப் பாசிமணி போட வேண்டும் என்று நின்றாள். ஒட்டியதைப் பிரித்தால் கடிதம் செல்லாது என்று சொல்லி, உறையை அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் கூரியர் ஆபீசில் அந்தப் பெண் உறையைத் தடவிப் பார்த்து, உள்ள என்னமோ உருளுதே சார் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கேட்க உன் அம்மாவைப் போனில் பிடித்துத் திட்டினேன். உன் தலைமேல் சத்தியம் செய்து இல்லை என்றாள். உன் தலையில் அவள் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டாள். அப்புறம் பேராசிரியரைக் கூப்பிட்டேன். முதலில் இருமினார். பிறகு, நான்தான் போட்டேன் சார், மேஜைலதான் கெடந்துச்சு, நம்ம பொண்ணு, யார் கண்ணு எப்படியோ என்றார். முப்பது வருஷம் மருந்தியல் நடத்திய மனுஷன். அப்படியே அனுப்பிவிட்டேன். அங்கே பிரிக்கும்போது மேஜையில் மணி உருளும். யாராவது கேட்டால் கூச்சப்படாதே, எங்கள் ஊரில் ஒரு பிள்ளையை மூன்று பேர் காவல் காக்கிறார்கள் என்று சொல்.

சந்தேகப்பட்டதற்காக உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, இரண்டு நாளாக எனக்கு வெறும் பீன்ஸ்தான். இனாயத் மாப்பிள்ளை போட்டோ கேட்கிறாளாம், கடைக்கு வருகிற வழுக்கைத் தலை யாரையாவது படம் பிடித்து அனுப்பச் சொல்லி எழுத வேண்டும் என்று அம்மா இதற்கு மட்டும் என்னிடம் வாய் திறந்தாள். அனுப்பாதே. காதை மூடி மப்ளர் கட்டு, ரொட்டியை மட்டும் தின்று படுக்காதே.

இன்னொன்று மறக்காதே. இடம் கிடைத்தால் போனில், கிடைக்கலம்மா என்று இனாயத்துக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல், நாங்கள் புரிந்துகொள்வோம். நிஜமாகவே கிடைக்காவிட்டால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அம்மா எப்போதும் போல சாப்பிட்டியா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்று மட்டும் சொல். உன் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த சிபாரிசுக் கடிதத்துக்காக நான் கோட்டுக்கு இஸ்திரி போட்டு மறுபடி அல்வா வாங்கக் கிளம்புவேன்.

ஆண்டவன் உன்னை எல்லார் கண்ணிலிருந்தும் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
வக்தி