அந்த அறையின் மின்விசிறி

மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான்.

நம் வீட்டுக் கதையை நீ எடுத்த படத்தை மூன்று தடவை கேட்டேன். பார்த்தேன் என்று சொல்லவில்லை. நான் எந்தக் கல்லூரியிலும் ஒலி படித்தவன் இல்லை; சினிமாவுக்குக் காலடிச் சத்தம், கதவுச் சத்தம் செய்து கொடுத்தே பிழைத்தவன். ஆனாலும் நடந்த காட்சிக்கு மின்விசிறிச் சத்தம் இருக்க வேண்டும், படத்தில் வரும் மகள் கற்பனை செய்யும் காட்சிக்கு அது இருக்கக் கூடாது என்று இந்தப் படத்துக்கு விதி சொன்னவன் நான். பார்க்கிறவனுக்குத் தெரியாவிட்டாலும் அவன் காதுக்குத் தெரியும் என்றேன். நீயும் தலையாட்டினாய்.

அம்மா சாகும் காட்சியில் அப்பா கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருக்கிறார். மின்விசிறி சுற்றுகிறது. சத்தமே இல்லை.

மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒலிக்கலவை செய்த பெண்ணைப் போனில் பிடித்துத் திட்டினேன். அவள் தயங்கித் தயங்கி, ஐயா, அக்காதான் அந்தச் சத்தத்தை எடுத்துடச் சொன்னாங்க, அது நிஜத்துல நடக்கலையாமே என்றாள். இதை வேற்று ஆள் வாயிலிருந்தா நான் கேட்க வேண்டும்?

நடக்கவில்லைதான். அம்மா போன அன்று காலை நான் ஸ்டூடியோவில், ஒரு கதாநாயகன் வீட்டுக்கு ஓடிவரும் காலடிச் சத்தத்துக்காகச் சரளைக்கல் கொட்டிய தட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். நீ ஏழு தடவை அழைத்திருக்கிறாய். பதிவின்போது போனை அணைத்து வைப்பது என் வழக்கம். அதைத் தப்பென்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் அம்மா இருந்தால், இந்த மனுஷனுக்கு ஊர்ச் சத்தமெல்லாம் கேக்கும், நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது என்றிருப்பாள்.

அந்தக் காட்சியை மாற்றச் சொல்லவில்லை. விதி என்னுடையது.

ஆனால் அதற்கடுத்து அந்த நாற்காலி காலியாக இருப்பதைக் காட்டுகிறாயே, அங்கே வருவது நம் வீட்டு மின்விசிறி இல்லை. எங்கேயோ விலைக்கு வாங்கிய சத்தம். நம்முடையது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகும். எண்ணெய் போடச் சொல்லி அம்மா வருஷக்கணக்கில் கேட்டாள். இன்னும் போடவில்லை.

அதைப் பதிவு செய்து இந்தக் கடிதத்தோடு பென்டிரைவில் அனுப்பியிருக்கிறேன். அதே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடுத்தது. கூர்ந்து கேட்டால், சத்தத்துக்கு அடியில் ஒரு ஆள் மூச்சு விடுவது கேட்கும். அந்தப் பெண் அதைச் சுத்தம் செய்யப் பார்ப்பாள்.

செய்ய விடாதேம்மா.

அப்பா