பேரேட்டில் அண்ணாவின் கையெழுத்து

3 நவம்பர், திங்கள்

மழை. காலை வேலை. முதியோர் இல்லத்து லாண்டரியில் இரண்டாவது மெஷின் திரும்பவும் பழுது. நனைந்த துவாய் எல்லாம் கையால் பிழிந்தது. தோள் கழன்ற மாதிரி.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் வதனியிடமிருந்து ஆறு படங்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவள், இப்ப கிளிநொச்சியில் டீச்சர். எனக்காக ஒன்பது மாதம் காணிக் கந்தோருக்கு நடந்து, கடைசியில் எடுத்துவிட்டாள். குடியேற்றத்திட்டத்தில் அப்பாவுக்கு அரசாங்கம் காணி கொடுத்தபோது எழுதின பேரேட்டின் பக்கங்கள்.

வீடு எரிந்தபோது படம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், அம்மாவின் கலியாண எழுத்து எல்லாம் போச்சு. நாங்கள் நாலு பேரும் ஒன்றாய் இருக்கிற தாள் உலகத்தில் இது ஒன்றுதான்.

முதல் பக்கம்:
வே. சின்னத்தம்பி, 34, கமம்.
மனைவி பூமணி, 29.
மகன் சிவகுமாரன், 8.
மகள் கலாவதி, 1.
தகப்பன் வேலுப்பிள்ளை, பிறந்த இடம் புங்குடுதீவு. (இது எனக்குத் தெரியாது. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.)
மண் வீடு ஒன்று. மாடு இரண்டு. கிணறு இல்லை.

"கலாவதி, 1." எத்தனை தரம் பார்த்தேனோ. கடைசி இரண்டு படமும் மங்கல். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

4 நவம்பர், செவ்வாய்

பஸ்ஸில் ஐந்தாவது பக்கத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன்.

"அனுமதிப்பத்திரகாரர் காலமானார். பின்னுரித்தாளர் சி. சிவகுமாரனின் பெயருக்கு மாற்றப்பட்டது."

கீழே கையெழுத்து. சி. சிவகுமாரன். திகதி, கடைசிச் சண்டை முடிந்து இரண்டு வருசத்துக்குப் பிறகு.

இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. இரண்டு தரிப்பு பின்னால் நடந்தேன், குடை விரிக்காமல்.

அந்தச் சண்டையில் காணாமல் போனவர் அண்ணா. பதினாறு வருசம். நாங்கள் நிரப்பாத படிவம் இல்லை. அம்மா இங்கே ஜெர்மனியில், ஹாகன் ஆஸ்பத்திரியில் கண் மூடும் வரைக்கும் போன் அடித்தால் கதவைத்தான் பார்ப்பா. ஆனால் அண்ணா கந்தோருக்கு வந்து, பேனை பிடித்து, தன்ர பெயரை எழுதியிருக்கிறார்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பொறுத்திருக்க வேண்டும். ஏலாமல் போச்சு. அவர் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். தான் காலமான வரியையும்.

"நான் செத்துப்போனனாம். அவன் இருக்கிறானாம். எனக்கு அது காணும்."

சிரித்தார். பல்லுக் கட்டாமல்.

6 நவம்பர், வியாழன்

அப்பா தானே சவரம் செய்து நாடியில் வெட்டு. எண்பத்திரண்டு வயது. பிளாஸ்டர் வேண்டாமாம்.

- அண்ணாவுக்குச் சின்ன அறையை ஒழிக்க வேண்டும் (இஸ்திரி மேசை, மகள் அபியின் பழைய புத்தகம், எல்லாம் கீழே கெல்லர் நிலவறைக்கு)
- அப்பாவின் பிரஷர் குளிசை முடியுது
- வதனியிடம் காணியைப் போய்ப் பார்க்கச் சொல்ல

அறையை ஒழித்தாயிற்று. கட்டில் தலைமாடு யன்னல் பக்கம் இருக்க வேண்டுமாம், சிவத்துக்குக் காற்று இல்லாவிட்டால் நித்திரை வராதாம். திருப்பிப் போட்டேன். டொக்டரிடம் போன இடத்தில் கவுண்டரில் நின்ற பெண்ணிடம், தன்ர மகன் உயிரோட இருக்கிறான் என்று ஜெர்மனில் சொன்னார். அவளும் நல்ல விசயம் என்றாள். நான் தடுக்கவில்லை.

வரும் வழியெல்லாம் பழைய கதை. முதலில் தான் தனியே ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினது. பிறகு எங்களைக் கூப்பிட அன்ட்ராக், விண்ணப்பம் போட்டது. அதற்குள் அண்ணாவுக்குப் பதினெட்டு. வளர்ந்த பிள்ளை வர ஏலாது என்று கடிதம் வந்தது. அம்மாவும் நானும் மட்டும் வந்தோம். "ஒரு வருசம் முந்திப் போட்டிருக்கலாம்" என்று அப்பா எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். இன்றைக்கும் சொன்னார். ஆனால் அழவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

கார்ஹிங்கில் படிக்கிற மகள் அபி போன் எடுத்தாள். பரீட்சை, குளிர், யூபான் ரயிலில் இடம் இல்லை. பிறகு நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அம்மப்பா செத்திட்டார் எண்டு அந்தத் தாளில இருக்குதெல்லே. அது பொய். அப்ப அடுத்த வரி மட்டும் எப்பிடி உண்மை?"

உனக்கு அவரைத் தெரியாது, அதுதான் இப்படிக் கதைக்கிறாய் என்று ஏசிவிட்டு வைத்தேன். அவள் பிறக்க முதலே அவர் எங்களுக்குக் குரல் மட்டும்தான். அவளில் என்ன பிழை.

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். சோறு அடிப்பிடித்தது.

12 நவம்பர், புதன்

வதனி போய்ப் பார்த்திருக்கிறாள். சீமெந்து வீடு, தகரக் கேட், பூட்டு. பக்கத்துக் காணிக்காரி சொன்னாவாம், பதினாலு வருசமாய் அங்கே இருக்கிறது ரவி குடும்பம் என்று.

ரவி அம்மாவின் தம்பி மகன். எனக்கு மச்சான். ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் போன் எடுத்து அப்பாவை மாமா மாமா என்று சுகம் விசாரிக்கிறவன். எந்தக் காணியில் இருந்து எடுக்கிறான் என்று நாங்கள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"நீ ரவியோட கதை, கலா. மிச்சம் நான் சொல்லக்கூடாது" என்றாள் வதனி.

அப்பா பின்னேரம் முழுக்கச் சின்ன அறையில்தான் இருந்தார். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

13 நவம்பர், வியாழன்

ரவியோடு கதைத்தேன். மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

முதலில் மழுப்பினான். கையெழுத்துப் படம் என்னிடம் இருக்கு என்றேன். பிறகு சொன்னான்.

கடைசி நாட்களில் அவனும் அண்ணாவும் ஒரே பங்கரில். அண்ணா தண்ணி எடுக்கப் போனவர். போகும்போது சின்னப் பையை இவனிடம் கொடுத்து வைத்திருக்கச் சொன்னாராம். அதற்குள் அடையாள அட்டை. அவர் போன பக்கம்தான் செல் விழுந்தது. புகை அடங்கினதும் இவன் ஓடிப்போய்ப் பார்த்தானாம். தண்ணிக்கு நின்ற இடத்தில் ஒருவரும் நிற்கவில்லையாம். அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்றான். நானும் கேட்கவில்லை.

முகாமில் இருந்து விட்ட பிறகு, ஆள் இல்லாத காணியை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப் போகினம் என்று கேள்விப்பட்டானாம். இருக்க ஒரு இடம் இல்லை, கைக்குழந்தை வேறு. அண்ணாவின் அட்டையோடு போய் அண்ணாவாக நின்று கையெழுத்து வைத்தான். அப்பாவும் செத்ததாய்ச் சொன்னான்.

அப்படியென்றால் இவனுக்குத் தெரியும். பதினாறு வருசமும் தெரியும். அம்மா போனில் அழுது அழுது இவனிடமே விசாரித்திருக்கிறா, ஏதும் அறிஞ்சனியோ தம்பி என்று. இல்லை மாமி என்றிருக்கிறான்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா காணியைக் கேப்பியள் எண்டு பயந்தன்."

15 நவம்பர், சனி

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

காணிக் கந்தோருக்குக் கடிதம் எழுதினேன், மூன்று பக்கம். தகப்பன் உயிரோடு இருக்கிறார், மகன் இறந்துவிட்டார், கையெழுத்து வைத்தது இன்னார், பதிவைத் திருத்துங்கள். "இறந்துவிட்டார்." என் கையால் அதை எழுதினது இதுதான் முதல் தரம். அடுத்த தாளிலும் எழுத்துப் பதிந்திருந்தது. அவ்வளவு கோபம்.

அப்பா கட்டிலுக்குப் புது விரிப்பு கேட்டார். பிறகு போட்டுவிடுகிறேன் என்றேன்.

17 நவம்பர், திங்கள்

காலையில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன். வாங்கின சலாட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு நேரே இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம். தண்ணி எடுக்கப் போனது, செல் விழுந்தது, ரவி. கடிதத்தை மட்டும் சொல்லவில்லை. கையை இழுத்துக்கொண்டார். போய்ச் சின்ன அறையின் யன்னலைச் சாத்தினார்.

சாப்பிடவில்லை.

18 நவம்பர், செவ்வாய்

அப்பா தேத்தண்ணி மட்டும்தான் குடித்தார். அபி எடுத்தாள். மன்னிச்சுக்கொள்ளம்மா என்றாள். அவள் எதற்கு.

20 நவம்பர், வியாழன்

முதல் பனி, நிலத்தில் பிடிக்கவில்லை. வேலை முடிந்து வர அப்பா குசினியில் இருந்தார். மூன்று நாளைக்குப் பிறகு வாய் திறந்தார். அந்தத் தாளைக் காட்டச் சொன்னார். ஐந்தாம் பக்கம். கண்ணாடியைப் போட்டு, கையெழுத்துக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"ரவியை விட்டிடு பிள்ளை. அவன் இருக்கட்டும். கந்தோருக்கு ஒண்டும் எழுதிப் போடாதை. எழுதினா இவன்ர பேரை வெட்டிப்போடுவாங்கள்."

ஓம் அப்பா என்றேன்.