சேவையில் தேறாதவள்

ஈப்போ,
6.12.1981

அன்புள்ள ராஜு அண்ணன் அவர்களுக்கு,

மங்களம் வணக்கத்துடன் எழுதுவது. எந்த மங்களம் என்று யோசிப்பீர்கள். சிலிம் ரிவர் பக்கம் நம் பழைய தோட்டத்து லயத்தில் உங்களுக்கு அடுத்த வீடு. தோட்டத்தில் மண்டோராக ஆட்களை மேய்த்த ராமையாவின் மூத்த மகள். நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று என் தகரப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டவர் நீங்கள். நன்றி சொல்லக்கூட அன்று எனக்கு நா எழவில்லை. "வாயத் தொறந்து பேசு புள்ள, இல்லாட்டி அங்க ஊமைன்னு நெனச்சிருவாங்க லா" என்று சிரித்தீர்கள். நேரில் இப்போதும் நான் அப்படித்தான் இருக்கிறேன். எழுதும்போது மட்டும் கொஞ்சம் பேச வருகிறது.

உங்கள் சிங்கப்பூர் முகவரியை நம் லயத்து ஐயாவு அண்ணன் யாரிடமோ கேட்டு வாங்கித் தந்தார். கப்பல் பட்டறையில் நீங்கள் இப்போது மேற்பார்வையாளர் என்றும், இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது என்றும் தீபாவளிக்கு வந்தபோது சொன்னார். கேட்டதும் எங்கள் அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியிடம்கூடச் சொல்லி மகிழ்ந்தார். அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும்.

நம் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். லயத்தில் பாதி வீடுகள் இடிந்துவிட்டன. நாங்கள் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறோம். அப்பாவுக்கு ஒரு மர ஆலையில் காவல் வேலை. எனக்குச் சிம்பாங் பூலாயில் ஆசிரியை வேலை. வகுப்பில் என் குரல் கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை என்று தலைமையாசிரியர் சொல்கிறார்; முயன்றுகொண்டிருக்கிறேன்.

என் தங்கை பாப்பாவை உங்களுக்கு நினைவிருக்கும். பிறப்புப் பத்திரத்திலும் அதே பெயர்தான். அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் செம்பனையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் படிவம் முடித்ததும் அவளை இங்கே ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். நம் தோட்டத்து முதலாளி வீட்டு மெய்யப்பன் ஐயா அதன் நிர்வாகத்தில் இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு அவர்தான் இடம் வாங்கித் தந்தார். இரண்டு வருடப் படிப்பு. முடித்தால் பள்ளியே ஒரு டிப்ளோமா தரும். அதை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் தாதிப் பயிற்சிக்குப் போகலாம். பாப்பாவுக்கு அங்கே இடமும் கிடைத்தது. அம்மா அவளுக்குக் கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கியிருந்தார்.

தேர்வு முடிவு வந்த அன்று நானும் அவளுடன் போனேன். எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் அவள்தான் முதல். அந்தத் தாளின் கீழே 'டிப்ளோமா வழங்கப்படவில்லை' என்று அச்சடித்திருந்தது. யாரோ மாற்றி அடித்துவிட்டார்கள் என்று நினைத்து நான் சிரித்தேன், அண்ணன். தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன். என் வாழ்க்கையில் யாரும் அழைக்காமல் நான் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

தலைமையாசிரியை என்னை உட்காரவைத்து விளக்கினார். தேர்வு தனி, தேர்வு இல்லாத பகுதிகள் தனி. அவற்றில் ஒன்று சேவை. ஒவ்வொரு மாணவியும் சனிக்கிழமைதோறும் முதியோர் இல்லத்துக்குப் போய் ஒரே ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு குழுவின் முன் நின்று, யாரைக் கவனித்தாள், என்ன செய்தாள், என்ன கற்றாள் என்று சொல்ல வேண்டும். அதில் தேறாவிட்டால் மற்றதில் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் டிப்ளோமா கிடையாது. மறுபடி வேண்டுமென்றால் இரண்டு வருடத்தையும் திரும்பப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்து இடம் அதுவரை காத்திருக்காது.

பாப்பா என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றார். குழு கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் இல்லையாம். மெய்யப்பன் ஐயாவே தமிழில் இறங்கி வந்து, "யாரும்மா அந்தப் பாட்டி? பேரையாவது சொல்லு, போதும்" என்று கேட்டிருக்கிறார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இல்லத்து மேட்ரன் கொடுத்த வருகைச் சான்றில் ஒரு சனிக்கிழமைகூடக் குறைவில்லை. ஆனால் வந்தாள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. என்ன செய்தாள் என்று அவள் வாயால் சொன்னால்தான் உண்டு.

வீட்டில் நடந்ததை முழுவதும் எழுத முடியாது. "ரெண்டு வருசம் படிக்கவெச்சா, நாலு பேரு முன்னால வாயத் தொறக்க மாட்டாளாமா?" என்று அப்பா கத்தினார். அம்மா என்னைப் பார்த்து, "எல்லாம் ஒன்னயப் பாத்துதான் கெட்டா. அக்காவும் ஊமை, தங்கச்சியும் ஊமை" என்றார். நானும் அதையே நம்பினேன். என் கூச்சம்தான் அவளுக்கும் ஒட்டிக்கொண்டு அவள் வாழ்வைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். பாப்பா மட்டும் அழவில்லை. பாதி பின்னிய கம்பளிச் சட்டையை மடித்து அம்மாவின் பெட்டியில் வைத்தாள்.

அவள் பேசாவிட்டால் அவள் கவனித்த அந்தப் பாட்டியாவது பேசட்டும் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் இல்லத்துக்குப் போனேன். சுண்ணாம்புக் குன்றுக்குக் கீழே, பாதிரியார்கள் நடத்தும் இடம். சுத்தமாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்ரன் என்னை ஒரு கூடத்துக்கு அழைத்துப் போய், கடைசிக் கட்டிலைக் காட்டினார்.

அண்ணன், அங்கே உங்கள் அம்மா உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். வேறு யாரோ என்று நினைக்க மிகவும் முயன்றேன். இருளாயி அம்மாவை எனக்கு எப்படி அடையாளம் தெரியாமல் போகும்? எங்கள் அம்மாக்கள் இருட்டோடு பால் மரம் வெட்டப் போனபோது, லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஆயாக் கொட்டகையில் வைத்துக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி வளர்த்தவர் அவர்தானே. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆளு மாறி வந்துட்ட. நீ தேடுற ஆளு நான் இல்ல" என்றார். சரி என்று திரும்பி நடந்தேன். நாலடி போயிருப்பேன். பின்னாலிருந்து, "மங்களம், சாப்ட்டியா?" என்ற குரல் வந்தது.

நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகன் சிங்கப்பூரில் மாடி வீடு எடுத்துவிட்டான், என்னைக் கூப்பிட்டுவிட்டான் என்று லயம் முழுக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு பலகாரம் செய்து கட்டிக் கொடுத்தோம். அப்பாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரயில் ஏற்றினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மகன் என்றால் உங்கள் பெயர்தான். யார் வீட்டுப் பையன் குடித்துவிட்டு வந்தாலும், "இருளாயி பெத்த மவனப் பாரு, அவன் கால கழுவிக் குடி" என்பார் அம்மா. இன்றைக்கும் சொல்கிறார்.

உங்களிடம் வந்து கொஞ்ச நாள் இருந்ததாகவும், வீடு சிறியது என்பதால் தோட்டத்துக்கே திரும்பிப் போவதாகச் சொல்லிக் கிளம்பியதாகவும் உங்கள் அம்மா சொன்னார். "லயத்துல அவ்வளவு சொல்லிட்டு வந்த மூஞ்சிய எப்புடித் திரும்பக் காட்டுறது?" என்று கேட்டார். ஈப்போவில் இறங்கி, கோயில் மண்டபத்தில் படுத்திருந்தவரை யாரோ இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் அவர் தோட்டத்தில் இருப்பதாக நினைக்கிறீர்கள். தோட்டம் அவர் உங்களிடம் இருப்பதாக நினைக்கிறது. நீங்கள் இதை அறிவீர்களா என்று எனக்குத் தெரியாது. அறியமாட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை பாப்பாவை அந்தக் கட்டிலுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவளைக் கண்டதும் உங்கள் அம்மா செய்த முதல் காரியம், தான் அங்கே இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியதுதான். மாரியம்மன் பேரில். அதற்குப் பிறகு இரண்டு வருடமும் பாப்பாதான் அவருக்குத் தலை குளிப்பாட்டி, நகம் வெட்டி, காலில் இருந்த புண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறாள். அந்தப் புண் இப்போது முழுவதும் ஆறிவிட்டது. ஆனால் குழுவின் முன் இருளாயி என்ற பெயரை எப்படிச் சொல்வாள்? எதிரே உட்கார்ந்திருப்பவர் மெய்யப்பன் ஐயா. நம் லயத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். வேறொரு பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று அன்று வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் கேட்டேன். "பொய் சொல்லியா தாதியாகச் சொல்ற?" என்று கேட்டாள். அவளும் என்னைப் போல் வாயில்லாதவள் என்று நான் நினைத்திருந்தது அத்தோடு போயிற்று.

பாப்பா தோற்றுவிட்டாள் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவில்லை. "குளிப்பாட்டுறதுக்கு எதுக்குலா பரீட்சை? நான் எத்தன புள்ளைங்களக் குளிப்பாட்டியிருக்கேன், எவன் மார்க்கு போட்டான்?" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு ஸ்காட்லாந்துக்கு அவள் போக முடியாது என்பதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் சத்தியத்தை நீங்களே எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். வாங்கியவர் எடுத்தால்தானே கொடுத்தவள் விடுபடுவாள்? உங்கள் அம்மா தலையை ஆட்டிவிட்டார். "எடுத்துட்டா என் மவன் பேரு என்னாகுறது? அவன் வந்து, பரவால்ல சொல்லிக்கன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பத்தான் எடுப்பேன்" என்றார். அப்படிச் சொல்லும்போதே அழுதார். பாப்பாவுக்காக அழுதாரா, உங்களுக்காகவா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

பாப்பா சத்தியம் செய்தவள். நான் செய்யவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் எழுதுவது அவளுக்கும் தெரியாது, உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அப்பா அம்மாவிடம் மூச்சு விடவில்லை, விடவும் மாட்டேன். இன்றும் சாப்பாட்டு நேரத்தில் அம்மா உங்கள் பேச்சை எடுத்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தலைமையாசிரியையை மறுபடி போய்ப் பார்த்தேன். காரணம் இருக்கிறது, சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் சொன்னேன். நல்லவர் அவர். வருடம் முடிவதற்குள் பாப்பா பேசத் தயாரானால் குழுவை இன்னொரு முறை கூட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் மெய்யப்பன் ஐயா காரைக்குடிக்குப் போய்விடுவார். ஸ்காட்லாந்துக்கும் அதற்குள் பதில் எழுத வேண்டும்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வயதில்லை. இரண்டு குழந்தைகளோடு அந்தச் சின்ன வீட்டில் என்ன பாடு படுகிறீர்களோ, அதையும் நான் அறியேன். அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

பாப்பாவுக்கு இனி அங்கே போக வேண்டிய அவசியமில்லை. மதிப்பெண் போடவும் யாரும் இல்லை. ஆனாலும் நேற்று சனிக்கிழமை காலையில் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். மாரியம்மன் உங்கள் வீட்டை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நீங்கள் வருடம் முடிவதற்குள் வந்தால் பாப்பாவுக்கு டிப்ளோமா கிடைக்கும். அதற்குப் பிறகு வந்தால் கிடைக்காது. அப்போதும் வாருங்கள், அண்ணன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
ரா. மங்களம்