நாய் ஆகாது என்று நீ எழுதிய தாள்

அன்பு மகள் ஆனந்திக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் மெல்போர்னில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். நான் இங்கே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள் தாயி. 'ழ' இன்னும் என் கைக்கு அடங்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுத நான்கு நாள் ஆனது. இங்கே நர்ஸ் கமர்ஜஹான்தான் இத்தனை மாதமாக மத்தியான நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். எழுபத்து நான்கு வயதில் மாத்திரை டப்பாவையும் வடமதுரை பஸ்ஸின் போர்டையும் வாய்விட்டு வாசிக்கிறேன், எனக்கே சிரிப்பாக வருகிறது.

சனிக்கிழமைதோறும் திண்டுக்கல்லில் இருந்து டெய்சி என்கிற அம்மா, பெரியவர்கள் தடவிக்கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று லட்டு என்ற நாயை இந்த முதியோர் இல்லத்துக்குக் கூட்டி வருகிறார். ஆறு மாதமாக வாயே திறக்காத சிவனம்மாள், அது காலில் தலை வைத்துப் படுத்ததும், "ஏ கழுத, தள்ளிப் படு, காலு மரத்துப்போச்சு" என்று வைதாளாம். என் அறையில் இருக்கும் பொன்னழகு அன்று காலையிலேயே சவரம் செய்து பவுடர் பூசிக்கொள்கிறான். நாய் வந்தபின் நடப்பதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான், பார்த்ததில்லை. நாய் வந்தால் என்னை மட்டும் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "ரூல்ஸ் தாத்தா, உள்ள போங்க" என்பார்கள். எட்டு மாதம் அப்படியே போனது. போன வாரம் ஆபீஸ் மேசையில் என்னை இங்கே சேர்த்தபோது எழுதிய தாள் கிடந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'நாய் ஆகாது. பயம். அருகில் விட வேண்டாம்.' எழுதியது நீ. கீழே என் பெருவிரல் ரேகை. நான் முழுதாக வாசித்து முடித்த முதல் தாள் அதுதான்.

சின்ன வயதில் நீ ஒரு நாய்க்குட்டியைப் பாவாடையில் மூடி எடுத்துவந்தாய். எனக்கு நாய் ஆகாது, கண்டாலே நடுக்கம் வரும் என்றேன். பொய். நமக்கே கஞ்சி பற்றாத வருசம், அதற்கு எதை ஊற்றுவது? அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். நீ அழுதுகொண்டே கொண்டுபோய் விட்டாய். அதை நம்பியது உன் குற்றமில்லை. ஆனால் இங்கே சேர்த்த அன்று உன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாளை நீட்டினாய், விரலை உருட்டினேன். இதுவரை உருட்டிய மற்றத் தாள்களில் என்னென்ன இருந்ததோ.

நானே மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று மானேஜரிடம் சொன்னேன். "ஒங்க மக எழுதுனது, அவுகதான் மாத்தணும்" என்று சிரித்தார். பொன்னழகு சும்மா இருப்பானா, "ஏலே பொம்மையா, ஒரு நாயத் தொடுறதுக்கு மெல்போர்ன்ல பெர்மிசன் வாங்கணுமாடா" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லலாம் என்றால் மானேஜர் பக்கத்திலேயே நிற்கிறார், நீயும் "சாப்டீங்களாப்பா" என்று கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. அதை நான் கேட்கவில்லை. லட்டு வாராவாரம் வருகிறது. என் கதவைத் திறந்துவைக்கச் சொல்லி ஒரு வரி எழுதி அனுப்பு, போதும்.

குளிரில் காதை மூடிக்கொள். பேரனுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடு, என்னைப் போல விட்டுவிடாதே. மூன்று பேரும் குறைவில்லாமல் வாழ வேண்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன். அந்த ஒரு வரி வரும்வரை வாரம் ஒரு கடிதம் உனக்கு வந்துகொண்டே இருக்கும். எனக்கு இங்கே வேறு வேலை இல்லை.

உன் அப்பா
வெ. பொம்மையன்